ஆசிரியருக்கே முதல் பாடம்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, கிராமத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பை ஒப்படைத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். பேச்சு தெளிவாக வராது. அகரமும் இகரமும் அவனுக்கு ஒன்றே. அவனைத் தொல்லை செய்யாமல் இருப்பதே கருணை என்று நான் எண்ணினேன். சுண்ணக்கட்டி எடுத்துவருவதும் தண்ணீர்ப் பானையை நிரப்புவதும் அவன் வேலையாயின. மற்ற நேரமெல்லாம் சன்னலோரம் அமர்ந்திருப்பான்.

ஒருநாள் அவன் மடியில் பனையோலைக் கீற்றுகள் இருப்பதைக் கண்டேன். மேலும் கீழுமாக மாற்றிமாற்றிச் செருகி, ஓலைக் கிளி ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தான். பாடவேளையில் விளையாட்டா என்று அதைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவன் அழவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்த பிறகு அவன் பள்ளிக்கு வரவும் இல்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டான் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் இடைநின்றவன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதற்காக என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளரான பிறகு, மரியா மாண்டிசோரியின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அன்றுதான் அந்த ஓலைக் கிளி எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. இன்று நம் நகரங்களில் தெருவுக்குத் தெரு மழலையர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் தொங்கும் பெயர் அது. வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளுக்கான கல்விமுறை என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். அந்தக் கல்விமுறை பிறந்த இடமோ, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைகள் அடைபட்டிருந்த ஒரு காப்பகம்.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தவர் மரியா. தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களை நேசித்தவர். குடும்பம் 1875-இல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் படித்தால் பள்ளி ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று கருதப்பட்ட காலம் அது. மரியா அந்த ஒன்றை மட்டும் மறுத்தார். தமது 13-ஆம் வயதில், ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மருத்துவம் பயில விரும்பினார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை.

ரோம் பல்கலைக்கழக மருத்துவ வகுப்பில் மாணவர்கள் அவரை ஏளனம் செய்தனர். ஆண்களோடு சேர்ந்து நின்று பிரேதப் பரிசோதனை செய்வது ஒரு பெண்ணுக்கு முறையன்று எனக் கூறப்பட்டதால், வகுப்பு முடிந்து அனைவரும் சென்ற பிறகு, மாலை வேளையில் தனியாகப் பிணங்களுக்கு நடுவே நின்று பாடம் கற்றார். 1896-இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவரானார். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டில், சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என வாதிட்டார்.

ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று அவர் அறிந்திருந்தார். பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தபோது அந்த அறிவு பயன்பட்டது. சிகிச்சைக்கு உரியவர்களைத் தெரிவு செய்ய ரோம் நகரின் மனநோயாளர் காப்பகங்களுக்கு அவர் செல்லவேண்டியிருந்தது. அங்கே மனநோயுற்ற பெரியவர்களோடு அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். அக்குழந்தைகளைக் குறிக்க அக்கால மருத்துவம் பயன்படுத்திய சொற்களை இன்று அச்சில் ஏற்ற நமக்குக் கை கூசும்.

ஒரு காப்பகத்தில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் ஊர்ந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடுவதைப் பணிப்பெண் ஒருவர் அருவருப்போடு சுட்டிக்காட்டினாராம். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள், வெறும் தரை. தொட்டுப் பார்க்கவோ, உருட்டிப் பார்க்கவோ, கையில் வைத்திருக்கவோ அங்கே ஒரு பொருளும் இல்லை. அந்தத் துணுக்குகள் அவர்களுக்கு உணவாகப் பயன்படவில்லை; கைகளுக்கு வேலையாகப் பயன்பட்டன. பணிப்பெண் பேராசையைக் கண்ட இடத்தில் மருத்துவர் அறிவுப் பசியைக் கண்டார். அவருடைய கல்விச் சிந்தனை முழுவதும் அந்த ஒரு பார்வையிலிருந்து விளைந்தது என்பது மிகையன்று.

தமக்கு முன் இக்குழந்தைகளுக்காக உழைத்தவர்களை அவர் தேடினார். பிரான்சில், காட்டில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்ற மருத்துவர் இட்டார்ட், அவருடைய மாணவர் செகுவான் ஆகியோரின் நூல்கள் கிடைத்தன. புலன்களுக்கும் தசைகளுக்கும் படிப்படியாகப் பயிற்சி அளித்து அதன்வழியே அறிவை எழுப்பலாம் என்பது செகுவானின் கொள்கை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உணரவேண்டும் என்பதற்காகவே, அந்நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படியெடுத்தார் மாண்டிசோரி.

1898-இல் டூரின் நகரில் நடந்த கல்வியாளர் மாநாட்டில் அவர் பேசினார். இக்குழந்தைகளின் சிக்கல் மருத்துவத்தைச் சார்ந்ததைவிடக் கல்வியைச் சார்ந்தது என்பது அவர் வாதம். ஒரு மருத்துவரே இவ்வாறு கூறியது அவையை வியப்பில் ஆழ்த்தியது. இதன் உட்பொருளை நாம் இன்றும் முழுமையாக உள்வாங்கவில்லை. சிக்கல் மருத்துவத்தைச் சார்ந்தது என்றால், ஆசிரியர் கைகழுவிவிடலாம். மருத்துவரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். கல்வியைச் சார்ந்தது என்றால், பொறுப்பு வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. திருந்தவேண்டியது கற்பிக்கும் முறை; பயிலவேண்டியவர் ஆசிரியர்.

அந்தப் பேச்சின் விளைவாகக் கல்வி அமைச்சர் பச்செல்லி ரோம் நகர ஆசிரியைகளுக்கு உரையாற்றுமாறு அவரை அழைத்தார். 1900-இல், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மாண்டிசோரியும் மருத்துவர் ஜுசெப்பே மோன்டெசானோவும் அதன் இயக்குநர்கள். முதல் அணியில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். உளவியல், நரம்பு மண்டலத்தின் அமைப்பும் இயக்கமும், குறைபாடுகளின் காரணங்கள், கற்பிக்கும் சிறப்பு முறைகள் ஆகியவை பாடங்கள்.

அந்தப் பள்ளியின் சிறப்பு பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை. பயிற்சிக்கூடத்தை ஒட்டியே ஒரு வகுப்பறை இருந்தது. காப்பகங்களிலிருந்தும் சாதாரணப் பள்ளிகளிலிருந்தும் கைவிடப்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தனர். ஆசிரியர்கள் காலையில் கற்ற கோட்பாட்டை அதே நாளில் ஒரு குழந்தையின் முன் சோதித்துப் பார்க்கவேண்டும். இயக்குநரும் விலக்கல்லர். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை மாண்டிசோரி தாமே குழந்தைகளோடு இருந்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து, ஒப்பிட்டு, வகைப்படுத்தினார். அந்த இரண்டு ஆண்டுகளே கல்வியியலில் தாம் பெற்ற உண்மையான பட்டம் என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அவர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி என்னை உறங்கவிடாமல் செய்தது. 11 வயதுச் சிறுமி ஒருத்தி. கைகளில் வலுக்குறைவு ஏதும் இல்லை. ஆயினும் தைக்க வரவில்லை. ஊசியை ஒரு நூலுக்கு மேலும் அடுத்த நூலுக்குக் கீழுமாகச் செலுத்தும் தொடக்க வேலைகூட அவளுக்குப் பிடிபடவில்லை. மாண்டிசோரி ஊசியை ஒதுக்கி வைத்தார். குழந்தைகளுக்கான காகிதப் பாய் முடையும் பயிற்சியைத் தந்தார். காகிதக் கீற்றுகளை மேலும் கீழுமாகச் செருகுவதில் அவள் ஆழ்ந்துபோனாள். அதில் தேர்ந்த பிறகு ஊசியை மீண்டும் கொடுத்தபோது அவள் கை தானாகவே தைத்தது.

ஒரு வேலையைக் கற்பிப்பதற்கு முன், அந்த வேலைக்குள் மறைந்திருக்கும் அசைவைத் தனியே பிரித்தெடுத்துப் பழக்கவேண்டும் என்பதே அவர் கண்ட விதி. எழுத்துக்கும் அதையே செய்தார். மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளைக் குழந்தைகள் எழுதும் திசையிலேயே விரலால் தடவிப் பழகினர். கண்ணுக்குப் பிடிபடாத வடிவம் விரலுக்குப் பிடிபட்டது. பென்சில் பிறகுதான் வந்தது.

இதைப் படித்தபோது என் கையிலிருந்து பறந்த ஓலைக் கிளியை நினைத்துக்கொண்டேன். காகிதக் கீற்றைக் கொடுத்து அந்தச் சிறுமிக்கு எதைக் கற்பிக்க அவர் பாடுபட்டாரோ, அதை என் மாணவன் தானே கற்று வந்திருந்தான். அவன் விரல்களில் பொறுமை இருந்தது, வரிசை இருந்தது, வடிவம் பற்றிய நினைவு இருந்தது. ஓலையில் ஓர் அகரத்தை வளைத்துக் கொடுத்திருந்தால் போதும். அதை அறியும் பயிற்சி எனக்கு இல்லை. அவனைக் குறைபாடுடையவன் என்று நான் பதிவு செய்தேன். என் குறைபாட்டைப் பதிவு செய்ய ஏடு எதுவும் இல்லை.

ரோமில் அந்தக் குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் தேர்ந்தனர். சாதாரணப் பள்ளி மாணவர்களுக்கான பொதுத்தேர்வை அவர்களோடு சேர்ந்து எழுதித் தேர்ச்சியும் பெற்றனர். நகரமே வியந்தது. மாண்டிசோரிக்கோ வேறொரு கவலை. கைவிடப்பட்ட குழந்தைகள் சாதாரணக் குழந்தைகளை எட்டிவிட முடிகிறது என்றால், எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகள் எந்த அளவுக்குக் கீழே அழுத்தி வைத்திருக்கவேண்டும் என்று அவர் சிந்தித்தார். சிறப்புக் கல்வியின் சாதனையைப் பொதுக் கல்வியின் மீதான குற்றப்பத்திரிகையாக அவர் படித்தார்.

இந்தக் காலத்தில் அவருடைய சொந்த வாழ்வு கனத்திருந்தது. மோன்டெசானோவுடனான உறவில் 1898-இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் செய்துகொண்டால் பணியைத் துறக்கவேண்டும். திருமணமின்றி மகனை வளர்த்தால் சமூகம் பொறுக்காது. குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தான். பிறர் குழந்தைகளுக்காக நாளெல்லாம் உழைத்த தாய், தம் குழந்தையை அவ்வப்போது சென்று பார்த்துவந்தார். 1901-இல் பயிற்சிப் பள்ளியை விட்டு விலகி, மீண்டும் மாணவியாகப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கச் சேர்ந்தார். மகன் அவரோடு வந்து சேர்ந்தது 1913-இல்தான்.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில், ஏறத்தாழ 50 குழந்தைகளோடு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சுவர்களைப் பாழாக்கித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் மாண்டிசோரி கொண்டுசென்றவை, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளிடம் தாம் சோதித்துத் தேர்ந்த கருவிகளையே. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். உலகம் ரோமை நோக்கித் திரும்பியது.

அந்த இல்லத்தின் முதல் பொறுப்பாளர் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பழைய பயிற்சியை மறக்கவைப்பதைவிடப் புதிதாகப் பார்க்கப் பழக்குவது எளிது என மாண்டிசோரி கண்டார். அவர் கருத்தில், ஆசிரியரின் முதல் திறன் பேசுவதன்று, உற்றுநோக்குவது. ஒரு குழந்தை எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, எங்கே தடுமாறுகிறது, எப்போது உதவியை விலக்குகிறது என்பதைக் குறிக்கத் தெரிந்தவரே ஆசிரியர். வகுப்பில் 40 குழந்தைகள் இருந்தால் 40 விதமாகக் கற்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்ட ஆசிரியருக்கு, அவர்களுள் ஒரு குழந்தைக்குப் பார்வையோ கேள்வியோ குறைந்திருப்பது பெருந்தடை ஆகாது.

புகழ் வளர்ந்தது, சோதனைகளும் வளர்ந்தன. 1920-களில் முசோலினி அரசின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டது அவர் வாழ்வின் மாறாத கறை. அந்த அரசு பள்ளிகளைத் தன் பிரசாரத்துக்கு வளைக்க முற்பட்டபோது முரண்பாடு முற்றி, 1934-இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். பார்சிலோனாவில் தங்கினார், 1936-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதும் நெதர்லாந்து சென்றார்.

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு அவர் வந்து சேர்ந்தபோது வயது 69. சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் வரவேற்றனர். முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்திருந்தனர். ஓலை வேய்ந்த குடில்கள் அவர்களுக்காக எழுந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ அகமதுநகரில் சிறை வைக்கப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் முடக்கப்பட்டார். அவரது 70-ஆம் பிறந்த நாளில் மகன் விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து பயிலும் சிறு பள்ளியை நடத்தினார். மூத்த குழந்தை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும்; விரைந்து கற்பவரும் நிதானமாகக் கற்பவரும் ஒரே அறையில் இருப்பர். இந்தியாவில் அவர் நேரடியாகப் பயிற்றுவித்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1949-இல் இந்திய மண்ணிடம் இறுதியாக விடைபெற்றார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில் காலமானார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். டூரின் மாநாட்டில் மாண்டிசோரி கேட்டது தனி வகுப்புகளையும் தனி நிறுவனங்களையும்தான். எல்லோரும் ஒன்றாகப் பயிலும் வகுப்பறையை அன்று அவர் கேட்கவில்லை. காப்பகத்தின் பூட்டைத் திறப்பதே அன்றைய முதற்படி. அடுத்த படியை அவர் பிறந்த நாடு பின்னர் எடுத்தது. 1977-இல் இத்தாலி சட்டம் இயற்றித் தனி வகுப்புகளை நீக்கியது; மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பொது வகுப்பிலேயே அமர்த்தி, வகுப்பாசிரியருக்குத் துணையாகச் சிறப்பாசிரியரை அதே வகுப்புக்குள் அனுப்பியது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதை அரசின் கடமையாக்குகிறது. பி.எட். பாடத்திட்டத்திலும் உள்ளடக்கிய பள்ளி பற்றிய தாள் உண்டு. என்னிடம் பயின்றவர்கள் 21 வகைகளையும் மனப்பாடமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றனர். அவர்களுள் பலர், அத்தகைய குழந்தை ஒன்றின் அருகில் ஒருமணி நேரம்கூட அமராமலே பட்டம் பெற்றுச் சென்றனர். அவர்களை அனுப்பி வைத்தவர்களுள் நானும் ஒருவன்.

பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் வேறல்ல. இரண்டு நாள் அரங்கில் அமர்ந்து, திரையில் ஓடும் படங்களைப் பார்த்து, கையேட்டோடு திரும்புகிறார்கள். வகுப்பில் காத்திருக்கும் குழந்தை அந்தக் கையேட்டில் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாளில், குழந்தையைத் தனியே அழைத்துச் சென்று பயிற்சி தருகிறார். வகுப்பாசிரியர் அதைப் பார்ப்பதே இல்லை. சிறப்பாசிரியர் சென்ற மறுகணம் குழந்தை கடைசி வரிசைக்குத் திரும்பிவிடுகிறது.

ரோமில் 1900-இல் செய்ததை நாம் இன்று செய்தால் போதும். ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தோடும், எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பயிலும் ஒரு மாதிரி வகுப்பறை இணையவேண்டும். பயிற்சி மாணவர் ஒரு குழந்தையை ஒரு பருவம் முழுதும் தொடர்ந்து கவனித்து எழுதும் குறிப்பேட்டுக்கு, எழுத்துத் தேர்வுக்கு நிகரான மதிப்பெண் வேண்டும். சிறப்பாசிரியர் வகுப்புக்குள் வரவேண்டும். இருவரும் சேர்ந்து பாடம் நடத்தவேண்டும். கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் குழந்தைகளின் முகம் பார்த்துப் பேசுவது, எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது, பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது ஆகியவை பெருஞ்செலவு கோரும் வித்தைகள் அல்ல. கேள்வி குறைந்த குழந்தைக்காகத் தெளிவாகப் பேசும் ஆசிரியரால், நன்றாகக் கேட்கும் குழந்தையும் கூடுதலாகக் கற்கிறது.

அண்மையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். டவுன் நோய்க்குறியுடன் பிறந்த தம் மகளுக்கு மழலையர் பள்ளி ஒன்றில் இடம் மறுக்கப்பட்டதாகக் கூறினார். இத்தகைய குழந்தைகளுக்குத் தங்களிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரியின் பெயர் இருந்தது. அலமாரியில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்த மரக்கட்டைகளும் தடவிப் பழகும் எழுத்துகளும், அந்தச் சிறுமியைப் போன்ற குழந்தைகள் நமக்குத் தந்த சொத்து என்பதை அங்கிருந்த யாரும் அறிந்திருக்கவில்லை.

கடன்பட்டவர்கள் வாசலில், கடன் கொடுத்தவர்களின் வாரிசு நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குக் கதவைத் திறப்பது தருமம் அன்று. வாங்கியதைத் திருப்பித் தருவது. அதற்கு முதலில் பயிலவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.